ஏழாம் எண்ணுக்கு முன்னால் போனை நிறுத்துவது எப்படி

1

இந்தக் கதையை எனக்கு ஒரு தோழி சொன்னாள்.

இப்படி எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். எழுதுகிற பெண்களுக்கெல்லாம் இப்படி ஒரு தோழி இருக்கிறாள். மானம் போகிற காரியமெல்லாம் அவளுக்குத்தான் நடக்கும். அவளும் சலிக்காமல் வந்து நம்மிடம் சொல்லிவிட்டுப் போவாள். இருக்கட்டும். என் தோழிக்கு நடந்தது இதுதான்: மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவளுடைய போன் திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டது. கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் வசதி ஒன்று எல்லா போனுக்குள்ளும் இருக்கிறதே, ஸ்கிரீன் ரீடர், அது. அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரையில் திறந்து கிடந்ததோ, ஊரார் அவளை நம்பிச் சொன்ன விஷயங்கள்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"வைகையில் தண்ணீர் இல்லாத ஒரு மாலையில்—" (எந்த மாலையில் இருந்தது?)

"மனித மனம் என்பது ஒரு—" (இது அதைவிட மோசம்.)

"ஹெப்சிபாவுக்கு நாற்பத்தாறு வயது." இதில் பொய் இல்லை. இதிலிருந்தே போகலாம்.

2

ஹெப்சிபாவுக்கு நாற்பத்தாறு வயது. வீடு வில்லாபுரத்தில். மிஷன் பள்ளி ஒன்றில் கிளார்க். (நானும் வில்லாபுரம்தான், நானும் ஒரு பள்ளி ஆபீசில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மதுரையில் அப்படி எத்தனையோ பேர்.) சர்ச் சபையில் பெண்கள் ஐக்கியம் என்கிற சங்கத்துக்குச் செயலாளர்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு, யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம். பெண்கள் முன்கூட்டியே தங்கள் விண்ணப்பங்களை ஹெப்சிபாவிடம் சொல்லிவிடுவார்கள். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், தனக்கு முதுகுவலி. அவள் போனில் நம்பர் போட்டுக் குறித்துக்கொள்வாள். கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, அவள் ஒவ்வொன்றாக வாசிப்பாள். ஒவ்வொன்றுக்கும் எல்லாருமாக "ஆமென்" சொல்வார்கள். கடைசி ஆமென்வரை யாரும் கண்ணைத் திறக்கக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது. அதற்கப்புறம் சுண்டலும் டீயும்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கீழே தனக்காக ஒரு வரி எழுதிவைப்பாள். பிறருக்கு வாசிக்கும்போது அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவாள். அந்தச் சனிக்கிழமைப் பட்டியலில் சிலவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

*1. சரோஜா அக்காவின் மூட்டுவலி நீங்க.*
*நேற்று ஜவுளிக்கடையில் மூன்று மாடி ஏறினார். லிஃப்ட் இருந்தது.*

*4. அற்புதமேரி அம்மாவின் மகன் ஜெய்சனுக்குத் திருச்சி ஆபீசில் நல்ல பெயர் கிடைக்க.*
*பெயர் இருக்கட்டும். அவனுக்கு நல்ல சாப்பாடு கிடைக்க.*

*5. நவமணிக்கு ஏற்ற வரன் அமைய.*
*வருகிறவன் பாவம்.*

*7. ஜெனிக்குத் திருச்சிப் பள்ளிக்கு மாறுதல் கிடைக்க. வாசிக்கக்கூடாது. மாமியாருக்குத் தெரியக்கூடாது.*
*கர்த்தாவே, இந்த ஒன்றை மட்டும் கேளாதேயும். மனு இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது. முப்பதாம் தேதி தாண்டிவிட்டால் அடுத்த வருஷம்தான்.*

ஒரு திருடி தன் திருட்டைத் தேதி போட்டு எழுதிவைப்பாளா என்று கேட்பீர்கள். திருடி வைக்கமாட்டாள். எழுதுகிற ஆசை உள்ளவள் வைப்பாள். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டால் அழிக்க மனம் வராது.

3

ஜெனியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்வதற்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

ஜெனிக்கு முப்பத்துநாலு. அதே பள்ளியில் கணக்கு டீச்சர். அற்புதமேரியின் மருமகள், ஜெய்சனின் மனைவி. ஜெய்சனுக்கு மூன்று வருஷமாகத் திருச்சியில் வேலை. அவன் மெஸ்ஸில் சாப்பிடுகிறான், ஜெனி கே.கே. நகரில் மாமியாருக்குத் துணையாக இருக்கிறாள். சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை பஸ் ஏறுகிற புருஷன். மருமகள் கிளம்பிவிட்டால் மகனும் இந்தப் பக்கம் வரமாட்டான் என்று அற்புதமேரிக்குப் பயம். அதனால் மாறுதல் உத்தரவு கையில் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். பள்ளி நிர்வாகத்துக்குத் திருச்சியிலும் ஒரு பள்ளி உண்டு. ஜெனி மனு எழுதி, தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கி, நிர்வாகத்தின் தலைமை ஆபீசுக்கு அனுப்பச் சொல்லி ஹெப்சிபாவின் மேசையில் வைத்தாள். "அக்கா, உங்க கையாலதான் போகணும். உங்க கை ராசி" என்றாள்.

ஹெப்சிபா மனுவில் "பெறப்பட்டது, 19" என்று முத்திரை குத்தினாள். இழுப்பறையைத் திறந்தாள். வைத்தாள். மூடினாள்.

ஏன் என்பதற்கு நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். தனிமை, நடுவயது என்றெல்லாம் பெரிய பெரிய சொற்கள். உண்மை அதைவிடச் சின்னது. மதியம் பன்னிரண்டு நாற்பது முதல் ஒன்றேகால் வரை அவர்கள் இருவரும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆறு வருஷமாக. ஹெப்சிபா எதைச் சொன்னாலும் ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், சோறு புரையேறும் அளவுக்கு. வீட்டில், சபையில், ஆபீசில், வேறு யாரும் ஹெப்சிபாவை வேடிக்கையானவள் என்று நினைத்ததில்லை. அந்த முப்பத்தைந்து நிமிஷத்துக்காக ஒருத்தியின் குடும்பத்தைப் பிடித்து வைத்திருக்கலாமா என்றால், வைத்திருக்கக்கூடாது. அவளுக்கும் அது தெரியும்.

"அக்கா, பேப்பர் போயிருச்சா?"

"போயிருச்சு ஜெனி."

(இந்த இடத்தில் வாசகர் அவளை வெறுக்க வேண்டும். வெறுத்துவிட்டீர்களா? கொஞ்சம் பாக்கி வையுங்கள்; இன்னும் இருக்கிறது.)

4

கூட்டம் அன்று அற்புதமேரி வீட்டில். ஹாலில் பாய் விரித்துப் பதினோரு பெண்கள். வீட்டுக்காரரான அற்புதமேரிதான் ஆரம்ப ஜெபம் செய்தார். பிறப்பால் கத்தோலிக்கர், கல்யாணமாகி எங்கள் சபைக்கு வந்தவர். அதனாலேயோ என்னவோ, ஜெபத்தில் யாரும் தன்னைக் குறைசொல்லிவிடக்கூடாது என்று நீளமாகச் செய்வார். ஹெப்சிபா போனை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தாள். பட்டியல் அதில் இருப்பதால் எப்போதுமே அப்படித்தான்.

"பிறர் காரியத்தில் உண்மையாய் நடக்க எங்களுக்குக் கிருபை தாரும்" என்றார் அற்புதமேரி.

அந்த வார்த்தை குத்தியது. ஹெப்சிபா கைகளை இறுக்கினாள். போனின் பக்கவாட்டில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பட்டன்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் ஸ்கிரீன் ரீடர் விழித்துக்கொள்ளும். அந்தக் குறுக்குவழியை அவள் எப்போது இயக்கி வைத்தாள் என்று கேட்காதீர்கள். திரையில் "சரி" என்று எது வந்தாலும் தொட்டுவிடுகிறவள் அவள். மூன்று விநாடி மனசாட்சி உறுத்தியதற்கு அவளுக்குக் கிடைத்த பலன் இது.

"ஸ்கிரீன் ரீடர் ஆன்" என்றது போன்.

ஹெப்சிபா பதறித் திரையைத் தொட்டாள்.

"ஒன்று. சரோஜா அக்காவின் மூட்டுவலி நீங்க."

"ஆமென்" என்றார்கள் எல்லாரும். போன கூட்டத்தில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தபோது, 'இனிமே போனையே வாசிக்க விடு ஹெப்சிபா' என்று அவர்களே கேலி செய்திருந்தார்கள். விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நேற்று ஜவுளிக்கடையில் மூன்று மாடி ஏறினார். லிஃப்ட் இருந்தது."

"ஆமென்" என்றது பாதிக் கூட்டம்.

சரோஜா அக்கா ஒரு கண்ணைத் திறந்தார். "எது, மூணு மாடியா?"

"கண்ண மூடுங்கக்கா, ஜெபம் நடக்குதுல்ல" என்றார் அற்புதமேரி, தன் கண்ணைத் திறக்காமலே.

"ஜெபத்துல எதுக்கும்மா லிஃப்ட் வருது?"

"ஆண்டவருக்குத் தெரியாததா? மூடுங்க."

ஹெப்சிபா மறுபடி தொட்டாள். அது மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. ஒவ்வொரு தொடுதலுக்கும் மூட்டுவலி. மூன்றாவது மூட்டுவலிக்கு ஆமென் கொஞ்சம் சலிப்போடு வந்தது. தொடாமல் விட்டால் இரண்டு, மூன்று என்று இறங்கிக்கொண்டே போகிறது. தொட்டால் ஒன்று. சரி, தொட்டுக்கொண்டே இருப்போம் என்று முடிவு செய்தாள். எவ்வளவு நேரம் தொடுவது?

எதிரே ஜெனி உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது; தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

5

இதுவரை எழுதியதை நேற்று ராத்திரி கிளமெண்டிடம் காட்டினேன். என் கணவர். மின்வாரியத்தில் வேலை, நான் எழுதுவதை எல்லாம் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரிதான் வாசிப்பார்.

"ஏ ஹெப்சி, சைடுல இருக்குற பவர் பட்டனை ஒரு அமுக்கு அமுக்குனா ஸ்கிரீன் அணைஞ்சு வாய மூடிரும்ல? இதுக்குப் போயி இம்புட்டு எழுதிருக்க?"

(அவர் கூப்பிட்ட பெயரை மாற்ற மறந்துவிட்டேன். விடுங்கள். நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனாலும் "அவள்" என்றே தொடர்கிறேன். "நான்" என்று எழுதினால் அவளுக்குச் சாதகமாகப் பேச ஆரம்பித்துவிடுகிறேன்.)

"அந்தப் பட்டன் ரிப்பேர்னு எழுதிருவேன்" என்றேன்.

"ரிப்பேரா? காலையில அதை அமுக்கித்தான மணி பாத்த?"

அப்படியானால் கதை அரைப் பக்கத்தில் முடிந்திருக்க வேண்டும். அவள் பவர் பட்டனை அழுத்துகிறாள், போன் அடங்குகிறது, எல்லாரும் சுண்டல் சாப்பிடுகிறார்கள். சுபம்.

பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை அழுத்துகிற பட்டன். விரல் அங்கே போகவில்லை. பதற்றம் என்று சொல்லலாம். ஆனால் பதற்றத்தில் கை பழகிய இடத்துக்குத்தானே போகும்? இதை மூன்று நாளாக யோசிக்கிறேன். எட்டு நாள் "போயிருச்சு ஜெனி" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டதோ, வேறு யாராவது சொல்லித் தொலைக்கட்டும் என்று விட்டுவிட்டாளோ என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இன்னொரு நேரம், இப்படி எழுதினால் குற்றவாளி கொஞ்சம் ஆழமானவளாகத் தெரிவாள் என்பதற்காக நானே கற்பித்துக்கொள்கிறேன் என்று தோன்றுகிறது. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பொருந்தும்.

6

பயத்தில் அவள் விரல் திரையில் மேலும் கீழும் வழுக்கியது. போனில் எதையோ மாற்றிவிட்டாள். குரல் வேகமெடுத்தது. இன்னொரு இழுப்பு, இன்னும் வேகம். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தகரத்தில் மழை கொட்டுவது போல ஒரு சத்தம்.

"பரிசுத்த ஆவி இறங்கிருச்சு" என்றார் சரோஜா அக்கா பயபக்தியோடு. "ஆவி வந்தா இப்படித்தான், புரியாத அந்நிய பாஷையில பேசும்."

"போனுக்கா?" என்றாள் யாரோ.

"சும்மா இருங்க. ஆண்டவருக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார் அற்புதமேரி.

எங்கே மூச்சுவிடுகிறதோ அங்கே எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நாலுக்கு ஒரு ஆமென். ஐந்துக்கு ஒரு ஆமென். யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை.

நவமணியைத் தவிர.

நவமணியை இந்தக் கதையில் வைக்க எனக்குத் தயக்கமாகவே இருந்தது. பார்வையற்ற ஒருத்தி வந்தால் அவளுக்கு மட்டும் உண்மை தெரியும் என்று எழுதுவது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம். ஆனால் என்ன செய்ய, அவள் அங்கே இருந்தாள். முப்பத்தெட்டு வயது, வங்கி ஒன்றில் வேலை, பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஞானி எல்லாம் கிடையாது. சுண்டலில் தேங்காய் குறைந்தால் சத்தம் போடுவாள். யார் வீட்டுச் சண்டை என்றாலும் முதலில் அவளுக்குத்தான் செய்தி வரும். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை இந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் வேலை பார்க்கிறாள்.

ஏழு வந்தது. இரண்டு மூச்சில் போய்விட்டது. ஜெனி, திருச்சி, இழுப்பறை, முப்பதாம் தேதி. பதினோரு பேரில் ஒன்பது பேர் ஆமென் சொன்னார்கள். ஜெனியும் சொன்னாள்.

நவமணி எழுந்தாள். சுவரைத் தொட்டபடி நாலு அடி நடந்து வந்து, குனிந்து, ஹெப்சிபாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். இரண்டு பட்டன்களையும் பிடித்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"ஸ்கிரீன் ரீடர் ஆஃப்."

அம்புட்டுதான்.

7

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.

ஒன்று: குரல் வேகமெடுக்கவேயில்லை, ஏழாவதை எல்லாரும் தெளிவாகக் கேட்டுவிடுகிறார்கள், அற்புதமேரியின் கையிலிருந்து டீத் தட்டு விழுகிறது. (அவர் கையில் தட்டே இல்லை, கண்மூடி உட்கார்ந்திருந்தார்.)

இரண்டு: ஹெப்சிபா உடைந்து அழுது, ஜெனியின் மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். (என் கடைசி மூன்று கதைகளும் அழுகையில்தான் முடிந்தன. பத்திரிகைக்காரர்களே கேட்டுவிட்டார்கள்.)

மூன்று: நவமணி பேசாமல் போய் உட்கார்ந்துவிடுகிறாள்.

நடந்தது இது எதுவும் இல்லை. நவமணி நின்ற இடத்திலேயே கண்ணை மூடாமல் சொன்னாள்: "ஏழாவது விண்ணப்பம் சரியா கேட்டிருக்காது. நான் சொல்றேன்." எல்லாரும் மறுபடி தலை குனிந்தார்கள். "ஆண்டவரே, ஒரு சகோதரியின் கையிலே ஒரு காகிதம் தங்கியிருக்கிறது. அது போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும். அனுப்பவேண்டிய கைக்குப் பெலன் தாரும்."

"ஆமென்" என்றார் அற்புதமேரி. "ஆமென்" என்றார் சரோஜா அக்கா. ஜெனி எல்லாரையும்விட உரக்கச் சொன்னாள். தலைமை ஆபீசில் தன் மனு எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது, யாருக்கோ அதை அனுப்ப மனம் வரவில்லை என்று நினைத்திருப்பாள். ஹெப்சிபாவின் உதடு அசைந்தது. சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

வாசலில் நவமணி ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தாள். ஹெப்சிபா பக்கத்தில் போய் நின்றாள்.

"நவமணி... எல்லாம் கேட்டுருச்சா?"

"நான் தெனம் கேக்குற ஸ்பீடு இதைவிட ஜாஸ்திக்கா. உங்க போன் ஆடி அசைஞ்சுல்ல பேசுச்சு."

"யாருகிட்டயும்..."

"எனக்கு வேற வேல இல்லையா?" ஆட்டோ சத்தம் வருகிறதா என்று தெருப்பக்கம் காது கொடுத்துவிட்டு, "அஞ்சாம் நம்பரும் கேட்டுச்சு" என்றாள். "வருகிறவன் பாவம்."

ஹெப்சிபா போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அதுல ஒண்ணும் தப்பில்லக்கா, உண்மதான். ஏழுதான் நல்லால்ல."

அப்போது ஜெனி ஒரு தூக்குவாளியோடு வந்தாள். "அக்கா, வீட்டுல கிளமெண்ட் அண்ணனுக்குச் சுண்டல். இன்னைக்கு உங்க போன் பண்ணுன கூத்துல எனக்கு வயிறே வலிக்குது." பிறகு காதருகே வந்து, "எம் பேப்பர் போயிருச்சுல்லக்கா?"

"போயிருச்சு ஜெனி."

நவமணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

8

இன்று செவ்வாய்க்கிழமை, முப்பதாம் தேதி. இனி "அவள்" இல்லை, நான்தான். போனில் எழுதப் பயமாக இருப்பதால் பழைய காலாண்டு வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விட்ட இடத்திலிருந்து தொடரக் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள். மதியம் ஜெனி கூப்பிட்டபோது, "வேலை இருக்கு, நீ சாப்புடு, வாரேன்" என்றேன். போகவில்லை. முப்பத்தைந்து நிமிஷத்துக்காகப் பாவம் செய்தவள், அந்த முப்பத்தைந்து நிமிஷத்தையும் இன்று இந்தக் கதைக்குக் கொடுத்துவிட்டாள்.

எழுதிவிட்டால் பாதி தீர்ந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. இத்தனை பக்கம் என்னை நானே கேலி செய்திருக்கிறேனே, இதற்குமேல் ஒரு மனுஷி என்ன திருந்துவது என்று. மனுவோ இழுப்பறையில் அப்படியே கிடக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மனுவை இன்று அனுப்பினால் "பெறப்பட்டது, 19" என்ற முத்திரைக்குப் பக்கத்தில் "அனுப்பப்பட்டது, 30" என்று இன்னொன்று குத்த வேண்டும். அதன் நகல் நாளைக்கே ஜெனி கைக்குப் போகும். அவள் கணக்கு டீச்சர். கழித்துப் பார்ப்பாள். அனுப்பாவிட்டால் அவளுக்கு என்னைப் பற்றி எதுவுமே தெரியப்போவதில்லை. அடுத்த வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள். அவளைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவளுக்குக் கெடுதல் செய்ய வேண்டும். அவளுக்கு நல்லது செய்தால் அவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள். இதில் எனக்கு வசதியான முடிவு எதுவும் வரவில்லை. நவமணி கேட்ட பெலன் வந்திருக்கிறதா என்று அவ்வப்போது கையைப் பார்த்துக்கொள்கிறேன். மை படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தலைமை ஆபீசுக்குப் போகும் தபால் பையை எங்கள் பியூன் பேயாண்டி அண்ணன் நாலரைக்குக் கட்டுவார். மணி நாலு இருபத்தெட்டு. பையோடு மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

"எம்மா, கட்டிறவா? வேற எதுவும் இருக்கா?"

"ஒரு நிமிஷம்ணே."

"காலையிலருந்து என்னத்தம்மா அப்படி எழுதுறீக? பரீட்சையா?"

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நீங்கள் வாசிக்க இன்னொரு வரி வேண்டும் என்று நினைக்கிறவரை நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன். எழுதிக்கொண்டிருக்கிறவரை என் வலது கைக்கு ஓய்வு கிடையாது. இழுப்பறை இருப்பதோ வலது பக்கம்; அதைத் திறக்க வேண்டியதும் இதே கைதான். அண்ணன் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தயவுசெய்து இதற்குமேல் வாசிக்காதீர்கள்.